ஆடிய கால் ஏன் ஓயவில்லை?

'ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இரா' என்பது நம் நாட்டுப் பழமொழி. வயது முதிர்ந்த கலைஞர் ஒருவர் மேடை ஏறினார், திரையிலே தோன்றினார், மீண்டும் பாடினார் என்ற செய்தி வரும்போதெல்லாம் ஏடுகள் இந்தப் பழமொழியைத்தான் எடுத்துப் போடுகின்றன. 'தொண்ணூறு வயதிலும் தளராத ஆர்வம்!' என்று தலைப்புத் தருகின்றன. நாமும் படிக்கிறோம், வியக்கிறோம், பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிப் பாராட்டுகிறோம்.

பாராட்டுவதில் தவறில்லை. ஆனால், அதே ஊரிலே எழுபது வயதுக் கிழவர் ஒருவர் மூட்டை தூக்கினால் நாம் வியப்பதில்லை. 'ஐயோ பாவம், இந்த வயதிலும் உழைத்தால்தான் சோறு போலிருக்கிறது. பிள்ளைகள் பார்க்கவில்லையோ, வேலை வாங்கிய முதலாளி ஏதும் கொடுக்கவில்லையோ' என்று இரங்குகிறோம். மூட்டை தூக்கும் முதியவரைக் கண்டதும் எழுகிற அந்தக் கேள்வி, மேடையில் நிற்கும் முதியவரைக் கண்டால் மட்டும் ஏன் எழுவதில்லை? விளக்கு வெளிச்சம் நம் கண்ணைக் கூசச் செய்துவிடுகிறதா? அரிதாரம் பூசிய முகத்திற்குப் பசி இராது என்று யாரேனும் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்களா?

கலைஞர் ஒருவர் முதுமையிலும் மக்கள் கண்முன் நிற்கிறார் என்றால், நிற்க விரும்பி நிற்கலாம். நிற்காவிட்டால் அடுப்பு எரியாது என்பதால் நிற்கலாம். கொட்டகையின் கடைசி வரிசையிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதே புன்னகை, அதே வணக்கம், அதே கைதட்டல். வேறுபாடு திரைக்குப் பின்னால் இருக்கிறது. அந்த வேறுபாட்டை உண்டாக்கியது திறமை என்பார் சிலர். அதிர்ஷ்டம் என்பார் சிலர். தலையெழுத்து என்று நெற்றியைத் தொட்டுக் காட்டுவோரும் உண்டு. நாம் சொல்வது வேறு. தம் உழைப்பின் பலன்மீது அந்தக் கலைஞருக்கு உரிமை இருந்ததா, இல்லையா? அதைப் பார்த்தால் போதும். அவர் முதுமை எப்படிக் கழியும் என்பதைச் சோதிடரிடம் கேட்க வேண்டியதில்லை.

இதை விளக்க இரண்டு பேரைக் கடல் கடந்த நாட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். படத் தொழில் பெருந்தொழிலாக வளர்ந்ததும், அதிலே உழைத்தவர்கள் சங்கம் கண்டு முதலாளிகளோடு மோதியதும் அமெரிக்காவிலே நெடுங்காலமாக நடந்து வரும் கதை. அந்தக் கதையிலே நமக்கும் பாடம் இருக்கிறது.

தன் படம் தனக்கே என்றவர்

சார்லி சாப்ளினை அறியாத தொழிலாளி நம்மிலே இருக்க முடியாது. 1936-இல் வந்த 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் இயந்திரப் பற்களுக்கிடையே சிக்கிச் சுழலும் அந்தத் தொழிலாளியைப் பார்த்துச் சிரித்தவர்கள், வீட்டுக்குப் போய்ச் சிந்தித்தார்கள். 1889-இல் லண்டனில் பிறந்தவர் அவர். பெற்றோர் இருவரும் மேடைப் பாடகர்கள். தந்தை குடியால் மாண்டார். தாய் நோயிலே வீழ்ந்தார். ஏழைகளை அடைத்து வைத்து வேலை வாங்கும் விடுதிக்கு ஏழு வயதிலே அனுப்பப்பட்ட பிள்ளை அது.

அந்தப் பிள்ளை வளர்ந்து உலகப் புகழ் பெற்றபோது, பட முதலாளிகளிடம் கூலி உயர்வு கேட்டதோடு நிற்கவில்லை. படமே என்னுடையதாக இருக்க வேண்டும் என்றார். 1919-இல் மேரி பிக்ஃபோர்ட், டக்ளஸ் ஃபேர்பாங்ஸ், கிரிஃபித் ஆகியோருடன் சேர்ந்து ஒரு நிறுவனம் கண்டார். அதற்கு அவர்கள் இட்ட பெயர் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ். ஒன்றுபட்ட கலைஞர்கள் என்று பொருள். பட முதலாளிகள் தமக்குள் கூடி நடிகர்களின் ஊதியத்துக்கு வரம்பு கட்டப் பார்த்த காலம் அது. 'நீங்கள் கூடினால் நாங்களும் கூடுவோம்' என்று நடிகர்கள் தந்த பதில்தான் அந்த நிறுவனம்.

1952-இல் சாப்ளின் 'லைம்லைட்' என்ற படத்தை எடுத்தார். மேடையிலே ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்து, மக்கள் மறந்துபோன கிழட்டுக் கோமாளி ஒருவனின் கதை அது. அந்தப் படத்தின் தொடக்க விழாவுக்காகக் கப்பலேறி லண்டன் சென்றார். கப்பல் கடலில் இருக்கும்போதே, அவர் திரும்பி வருவதற்கான அனுமதியை அமெரிக்க அரசு ரத்துச் செய்துவிட்டது. பொதுவுடைமைவாதிகளுக்கு அனுதாபி என்ற பழி அவர்மீது ஏற்கெனவே சுமத்தப்பட்டிருந்தது. 63 வயதிலே, நாற்பது ஆண்டுக் காலம் உழைத்த நாடு கதவைச் சாத்தியது.

இன்னொருவராயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கையேந்தியிருப்பார். சாப்ளின் ஸ்விட்சர்லாந்தில் வீடு வாங்கிக் குடியேறினார். பழைய ஊமைப் படங்களுக்குத் தாமே இசை அமைத்து மீண்டும் வெளியிட்டார். 1967-இல் தம் கடைசிப் படத்தை இயக்கினார். 1972-இல் அதே அமெரிக்கா அழைத்து, சிறப்பு ஆஸ்கார் விருது தந்து, எழுந்து நின்று கை தட்டியது. 1977-இல், 88-ஆவது வயதில், தம் வீட்டில், தம் குடும்பத்தார் நடுவே கண் மூடினார். ஓர் அரசே கதவைச் சாத்தியும் அவர் வீட்டு அடுப்பை அணைக்க முடியவில்லை. ஏன்? படப் பெட்டிகள் அவரிடம் இருந்தன.

எதுவும் சொந்தமில்லாதவர்

இனி மற்றொருவரைப் பார்ப்போம். மிக்கி ரூனி என்பது அவர் பெயர். 1920-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். நாடகக் குடும்பம். இரண்டு வயது நிறையுமுன் மேடை ஏற்றப்பட்டார். ஆறேழு வயதில் திரைக்கு வந்தார். பதின்மூன்று, பதினான்கு வயதில் மெட்ரோ கோல்ட்வின் மேயர் கம்பெனியோடு ஒப்பந்தம். 'ஆண்டி ஹார்டி' வரிசைப் படங்களில் அவர் சிரித்தால் அமெரிக்கா சிரித்தது. 1939, 1940, 1941 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அமெரிக்கக் கொட்டகைகளில் வசூலைக் குவித்த நட்சத்திரங்களில் முதலிடம் அவருக்குத்தான். இருபது வயது இளைஞர், ஒரு கம்பெனிக்குக் கொட்டிக் கொடுத்த பணத்துக்கு அளவில்லை.

அந்தப் படங்களில் ஒன்றுகூட அவருக்குச் சொந்தமில்லை. நடித்த காலத்தில் கூலி கொடுத்தார்கள். கணக்கு அதோடு முடிந்தது. 1950-களில் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. பழைய படங்களைத் தொலைக்காட்சிக்கு விற்றுப் பட முதலாளிகள் இரண்டாம் முறை அறுவடை செய்தனர். ரூனியின் இளமை முகம் ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு வீட்டிலும் சிரித்தது. அந்த முகத்துக்குச் சொந்தக்காரருக்குச் செல்லாக்காசும் வரவில்லை. 1962-இல் அவர் மஞ்சள் கடிதாசி கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் நிற்கவே இல்லை. கிடைத்த வேடமெல்லாம் போட்டார். 1979-இல் பிராட்வே மேடையில் 'சுகர் பேபீஸ்' என்ற ஆடல் பாடல் நாடகத்தில் மீண்டும் புகழ் பெற்றார். ஆயிரம் காட்சிகளுக்கு மேல் நடந்தது அது. தம் பழைய படங்களைத் தொலைக்காட்சியில் காட்டுவதற்குப் பங்கு வேண்டும் என்று தமக்காகவும் தம்மைப் போன்ற நடிகர்களுக்காகவும் வழக்குத் தொடுத்தார். 1982-இல் நியூயார்க்கில் தீர்ப்பு வந்தது: ஒப்பந்தத்தில் எல்லா உரிமையும் கம்பெனிக்கே எழுதிக் கொடுத்தாயிற்று, ஆகவே பங்கில்லை. 1983-இல் சிறப்பு ஆஸ்கார் விருது கொடுத்தார்கள். விருது கொடுத்தார்கள், பங்கு கொடுக்கவில்லை.

2007 டிசம்பரில், 87 வயதில், இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரக் கொட்டகையில் 'சிண்ட்ரெல்லா' நாடகத்தில் ஆடினார். 2011 மார்ச்சில், 90 வயதில், அமெரிக்க செனட் சபையின் முதியோர் குழுவின் முன் சாட்சி சொல்ல வந்தார். உற்றவரே தம்மை அச்சுறுத்தி, தம் பணத்தைப் பறித்து, உணவும் மருந்தும் கூடத் தடுத்ததாக அழாத குறையாகச் சொன்னார். பெரும் புகழ் படைத்த தமக்கே இந்தக் கதி நேருமானால் யாருக்கும் நேரும் என்பதே அவர் நாட்டுக்குச் சொன்ன சேதி. 2014 ஏப்ரலில் 93 வயதில் இறந்தார். விட்டுச் சென்ற சொத்தின் மதிப்பு ஏறத்தாழ 18,000 டாலர். அவர் நடித்த படம் ஒன்று அவர் இறந்த பிறகு, அதே ஆண்டு டிசம்பரில் திரைக்கு வந்தது.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! இரண்டு வயது நிறையுமுன் தொடங்கிய வேலை, தொண்ணூற்று மூன்று வயதிலும் முடியவில்லை. 'தளராத ஆர்வம்' என்று ஏடுகள் எழுதின. ஆர்வம் இல்லாமலில்லை, அவருக்கு மேடை உயிர். ஆனால் ஆர்வம் மட்டுமா அவரை நிறுத்தி வைத்தது?

'ஊதாரி' என்ற வாதம்

நாம் இதைச் சொன்னதும் ஒரு குரல் எழும். 'ரூனி என்ன யோக்கியரா? எட்டுத் திருமணம் செய்தவர். குதிரைப் பந்தயத்தில் பணத்தைக் கொட்டியவர். வந்ததையெல்லாம் வாரி இறைத்துவிட்டுப் பிறகு வறுமை என்றால் யார் பொறுப்பு?' என்று கேட்பார்கள்.

உண்மைதான், அவர் பந்தயத்தில் இழந்தார். நாம் மறைக்கவில்லை. ஆனால் இதற்கு நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். மில் தொழிலாளி ஒருவர் சம்பளத்தில் பாதியைக் கள்ளுக்கடையில் விட்டார் என்பதற்காக, அவருடைய வருங்கால வைப்பு நிதியை முதலாளி எடுத்துக்கொள்ள முடியுமா? முடியாது. தொழிலாளி நல்லவரா கெட்டவரா, சிக்கனமானவரா ஊதாரியா என்று சட்டம் கேட்பதில்லை. உழைத்தாரா என்று மட்டுமே கேட்கிறது. மனிதன் தடுமாறக்கூடியவன், இளமையில் நாளையை மறப்பவன் என்று தெரிந்துதான் 1952-இல் நம் நாட்டில் வைப்பு நிதிச் சட்டமே செய்தார்கள். உரிமை என்பது நல்லொழுக்கத்துக்குத் தரும் பரிசன்று; உழைப்புக்குத் தரவேண்டிய பாக்கி.

வாரி இறைத்தவர் கதை ஒருபுறமிருக்க, ஒன்றும் அறியாத குழந்தை என்ன செய்தது? 1921-இல் சாப்ளினின் 'தி கிட்' படத்தில் நடித்த சிறுவன் ஜாக்கி கூகன், முப்பது, நாற்பது லட்சம் டாலர் சம்பாதித்தான் என்று கணக்கிடுகிறார்கள். வளர்ந்து ஆளானதும் கேட்டான். தாயும் மாற்றாந்தந்தையும் செலவழித்து விட்டிருந்தனர். 1938-இல் வழக்குப் போட்டுப் பெற்றது 1,26,000 டாலர். நாடு கொதித்தது. மறு ஆண்டே, குழந்தை நடிகரின் வருவாயில் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கிக் காக்க வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் சட்டம் வந்தது. இன்றும் அதை கூகன் சட்டம் என்றுதான் அழைக்கிறார்கள்.

முதியவர் ஏமாற்றப்படுவதும் அப்படியே. கனடா நாட்டுப் பாடகர் லியோனார்ட் கோஹன் ஓய்வுக் காலத்துக்கென்று சேர்த்த பணத்தில் பெரும் பகுதி களவு போயிற்று. நீதிமன்றம் 2006-இல் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, பணம் திரும்பவில்லை. 2008-இல், 73 வயதில், மீண்டும் ஊர் ஊராகப் பாடப் புறப்பட்டார். பாடப் பாட மகிழ்ச்சியும் வந்தது, பணமும் வந்தது. 2016-இல் மறையும் வரை பாடல் இயற்றினார். நல்ல முடிவுதான். ஆனால் குரல் கட்டிப்போயிருந்தால்? கால் நடுங்கியிருந்தால்? முதியவரின் சோற்றுக்கு அவருடைய குரல்வளைதான் உத்தரவாதம் என்றால், அதற்குப் பெயர் பாதுகாப்பா?

சங்கம் தந்த பங்கு

சாப்ளினைப் போல் படத்தையே சொந்தமாக்கிக்கொள்ள எத்தனை பேரால் முடியும்? ஆயிரத்தில் ஒருவரால் முடியும். மற்ற 999 பேர் என்ன செய்வது? அந்தக் கேள்விக்கு விடை சொன்னது சங்கம்.

1933-இல் பட முதலாளிகள் நடிகர்களின் ஊதியத்தில் பாதியை வெட்டினார்கள். அந்த ஆண்டிலேயே அமெரிக்கத் திரைநடிகர் சங்கம் பிறந்தது. 1937-இல்தான் முதலாளிகள் அதை ஏற்றுக்கொண்டு ஒப்பந்தம் செய்தனர். தொலைக்காட்சி வந்து பழைய படங்கள் விலைபோகத் தொடங்கியதும் சங்கம் கேட்டது: 'அரிசியை ஒரு முறை விற்றால் ஒரு முறைதான் உண்ணலாம். எங்கள் உழைப்பை மட்டும் நூறு முறை விற்கிறீர்களே, கூலி ஒரு முறைதானா?' முதலாளிகள் மறுத்தனர். 1960 மார்ச்சில் வேலைநிறுத்தம் தொடங்கியது. எழுத்தாளர் சங்கமும் அதே ஆண்டு வேலையை நிறுத்தியிருந்தது. அப்போது நடிகர் சங்கத் தலைவராயிருந்தவர், பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ரொனால்ட் ரீகன்.

ஏப்ரலில் உடன்பாடு வந்தது. 1960 முதல் எடுக்கும் படங்களைத் தொலைக்காட்சியில் காட்டினால் நடிகருக்குப் பங்கு உண்டு. 1948 முதல் 1959 வரை வந்த படங்களுக்குத் தனித்தனிப் பங்கு இல்லை. அதற்கு ஈடாக ஓய்வூதியத்துக்கும் மருத்துவத்துக்குமான நிதிக்கு முதலாளிகள் 22.5 லட்சம் டாலர் கொடுத்தனர். 1948-க்கு முந்திய படங்களுக்கு ஒன்றுமில்லை.

ரூனி புகழின் உச்சியிலிருந்த ஆண்டுகள் எவை? 1939, 1940, 1941. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டார். அந்த உடன்பாட்டைக் கடுமையாகக் குறை கூறியவர்களில் அவரும் ஒருவர். அவர் வருத்தம் நியாயமானது. ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்த பல்லாயிரம் பேர், பெயரே நாமறியாத சிறு வேட நடிகர்கள், முதுமையில் வீட்டிலிருந்தபடியே காசோலை பெறுகிறார்கள் என்றால், அது அந்த வேலைநிறுத்தத்தின் வெற்றி. போராட்டம் பாதி வென்றது. தாமதமாக வந்த நீதி ஒரு தலைமுறையையே வெளியே நிறுத்திவிட்டது என்பதையும் சேர்த்தே நாம் நினைவில் வைக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாக்குகிறோம். முதியவர்கள் மேடையை விட்டு இறங்க வேண்டும் என்பது நம் கட்சியன்று. ஜார்ஜ் பர்ன்ஸ் என்ற நகைச்சுவை நடிகர் 80 வயதில் ஆஸ்கார் பெற்று, 1996-இல் நூறு வயது கண்டு மறைந்தார். பாடகர் டோனி பென்னட் நினைவாற்றலை அரிக்கும் நோய் கண்ட பிறகும், 2021-இல் தம் 95-ஆம் பிறந்த நாளையொட்டி நியூயார்க்கில் மேடையேறிப் பாடினார். பலவற்றை மறந்த மனம் பாட்டை மறக்கவில்லை. அத்தகைய காட்சியைக் கண்டு யார் நெஞ்சும் உருகும். விரும்பி நிற்பவரை வணங்குகிறோம். வேறு வழியின்றி நிற்பவரையும் அதே கைதட்டலால் மூடிவிடாதீர்கள் என்கிறோம்.

நம் வீட்டுக் கணக்கு

அயல்நாட்டுக் கதை போதும். நம் வீட்டுக்கு வருவோம்.

இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. திரைப்படப் பாட்டு யாருக்குச் சொந்தம்? எழுதியவருக்கா, இசையமைத்தவருக்கா, பாடியவருக்கா? வானொலியில் ஒலிக்கிறது, திருமண வீட்டில் ஒலிக்கிறது, தேநீர்க் கடையில் ஒலிக்கிறது. காசு யாருக்குப் போகிறது? இந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. படத்துக்காகக் கூலி பெற்று எழுதி இசையமைத்த பாட்டுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், படத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977-இல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பிலே நீதியரசர் வி. ஆர். கிருஷ்ண ஐயர் தனியே ஒரு குறிப்பு எழுதினார். பாடுகிறவருக்கு நம் சட்டத்தில் உரிமையே இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி, பாராளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்றார்.

பாராளுமன்றம் எப்போது கவனித்தது? பாடுவோர், ஆடுவோர், நடிப்போர் ஆகியோருக்கு நிகழ்த்துநர் உரிமை என்ற ஒன்று 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் ராயல்டிப் பங்கை எவருக்கும் எழுதிக் கொடுத்து இழந்துவிட முடியாதபடி காப்பு 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. பாடகருக்கு ராயல்டி வேண்டும் என்று லதா மங்கேஷ்கர் குரல் கொடுத்தது 1960-களில். கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடையே ஐம்பது ஆண்டு! அந்த ஐம்பது ஆண்டில் பாடியவர்கள், வாத்தியம் வாசித்தவர்கள், கூட்டத்தோடு கூட்டமாய்க் கோரஸ் பாடியவர்கள் எத்தனை பேர் முதுமை எய்தினார்கள், எத்தனை பேர் மறைந்தார்கள்!

சட்டத்தில் எழுத்து வந்துவிட்டது. எழுத்து வேறு, காசு கைக்கு வருவது வேறு என்பதைத் தொழிலாளத் தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. சம்பளச் சீட்டில் இருப்பதெல்லாம் சட்டைப் பைக்கு வந்துவிடுகிறதா? கணக்குக் கேட்கச் சங்கம் இருக்குமிடத்தில் வருகிறது; இல்லாத இடத்தில் வருவதில்லை.

ராயல்டிச் சட்டம் எட்டாத கலைஞர்களும் இருக்கிறார்கள். பறை அடிப்பவர், கரகம் எடுப்பவர், கூத்துக் கட்டுபவர், வில்லுப்பாட்டுக்காரர், நாட்டுப்புறப் பாட்டுக்காரர். மதுரையை அடுத்த பரவை முனியம்மாவை நாடறியும். ஆண்டுக்கணக்கில் ஊர் மேடைகளில் பாடியவர். 2003-இல் 'தூள்' படத்தில் தோன்றிப் பாடிய பிறகு பட்டிதொட்டியெங்கும் அவர் குரல் எதிரொலித்தது. 2015-இல் அவர் நோயுற்று வறுமையில் வாடுகிறார் என்ற செய்தி ஏடுகளில் வந்தது; அதன் பிறகே அரசின் உதவித்தொகை அறிவிப்பு வந்தது. 2020 மார்ச்சில் அவர் மறைந்தார்.

உதவியதைக் குறை கூறவில்லை. உதவ வேண்டியது கடமை. ஆனால் முறையைப் பாருங்கள். முதலில் கலைஞர் நோயில் விழ வேண்டும். பிறகு அவர் படுக்கையில் கிடக்கும் படம் ஏட்டில் வர வேண்டும். பிறகு யாராவது இரங்க வேண்டும். பிறகு உதவி வர வேண்டும். புகழ் பெற்றவருக்கே இத்தனை படி. படம் போட ஏடு முன்வராத, பெயர் தெரியாத பறைக் கலைஞருக்கு எந்தப் படி? 'நலிந்த கலைஞர் உதவி' என்று திட்டத்துக்கே பெயர் வைத்திருக்கிறோம். நலிந்த பிறகுதான் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமா? ஓய்வுபெற்ற ஆசிரியரை நலிந்த ஆசிரியர் என்கிறோமா? ஓய்வுபெற்ற நீதிபதியை நலிந்த நீதிபதி என்கிறோமா? முப்பது ஆண்டு ஆடிய கலைஞர் பெறுவது மட்டும் ஏன் ஓய்வூதியமாக இல்லாமல் இரக்கமாக இருக்க வேண்டும்?

இறந்த பின்னும் வேலையா?

இன்று இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகியிருக்கிறது. முன்பெல்லாம் சாவு வந்தால் வேலை முடியும். இப்போது செயற்கை நுண்ணறிவு என்ற கருவி வந்திருக்கிறது. இறந்தவரின் குரலைப் புதிய பாட்டைப் பாட வைக்கிறது. முதியவரின் முகத்தை இளமையாக்கி ஆட வைக்கிறது. 2024-இல் வந்த 'லால் சலாம்' படப் பாட்டொன்றில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகிய இருவர் குரலும் இவ்வாறு ஒலித்தன. குடும்பத்தாரிடம் இசைவு பெற்று, ஊதியமும் தந்ததாக இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் தெரிவித்தார். நல்ல முன்மாதிரி. ஆனால் முன்மாதிரி என்பது ஒருவரின் நல்ல மனத்தைப் பொறுத்தது. நல்ல மனம் இல்லாதவரைத் தடுக்க என்ன இருக்கிறது?

அமெரிக்க நடிகர்கள் இதற்கும் போராடித்தான் விடை கண்டார்கள். 2023 ஜூலை 14 முதல் நவம்பர் 9 வரை 118 நாள் வேலையை நிறுத்தினார்கள். எழுத்தாளர்கள் மே மாதமே வெளியேறியிருந்தார்கள். 1960-க்குப் பிறகு இரு சங்கங்களும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தத்தில் நின்றது அப்போதுதான். இணைய வழியாகப் படம் காட்டுவோர் கூடுதல் பங்கு தர வேண்டும். நடிகரின் உருவத்தையும் குரலையும் கருவியால் படைத்தால் இசைவும் கூலியும் வேண்டும் என்று கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். 1960-இல் தொலைக்காட்சி; 2023-இல் கணிப்பொறி. கருவி மாறியது, கேள்வி மாறவில்லை: உழைப்பு ஒரு முறை, விற்பனை பல முறை, கூலி எத்தனை முறை?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. ஒன்று: பாட்டும் படமும் மீண்டும் மீண்டும் விலைபோகும்போது, பங்குக்கு உரியவர் யார் யார், எவ்வளவு என்ற கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும்; கோரஸ் பாடியவரும் வாத்தியம் வாசித்தவரும் அதில் இடம்பெற வேண்டும். இரண்டு: நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தில் பதிந்த ஒவ்வொருவருக்கும், குறித்த வயது வந்ததும், நலிவைக் காட்டி மனுப் போடாமலே ஓய்வூதியம் வர வேண்டும். மூன்று: ஒருவருடைய குரலையும் முகத்தையும் கருவியால் படைக்க, அவருடைய இசைவும் அவருக்குரிய ஊதியமும் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

இவை அரசு செய்ய வேண்டியவை. நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் முடித்தால் நாம் நேர்மையானவர்களாக மாட்டோம். நம் கூட்டங்களுக்கும் மாநாடுகளுக்கும் முன்னால் கலை நிகழ்ச்சி வைக்கிறோம். தலைவர் வரும்வரை கூட்டத்தைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கலைஞர்தான். தலைவர் வந்ததும் பாதிப் பாட்டிலே நிறுத்தச் சொல்கிறோம். கூட்டம் முடிந்ததும் மைக் செட்டுக்காரருக்குப் பணம் போகிறது, பந்தல்காரருக்குப் போகிறது. பறை அடித்தவர் மட்டும் இரவு இரண்டு மணிக்குச் செயலாளரைத் தேடிக்கொண்டு நிற்கிறார். 'நம்ம ஆள்தானே, நாளைக்கு வாங்கிக்கொள்ளட்டும்' என்கிறோம். பட முதலாளி பெரிய அளவில் செய்வதை நாம் சிறிய அளவில் செய்கிறோம் என்றால், அவரைக் கண்டிக்க நமக்கு என்ன வாய் இருக்கிறது?

கிளைக் கழகம் ஒவ்வொன்றும் இன்றே ஒரு வேலை செய்யலாம். தன் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் உள்ள கலைஞர்களைக் கணக்கெடுங்கள். நல வாரியத்தில் பதியாதவர்களுக்குப் பதிந்து கொடுங்கள். பதிந்தும் தொகை வராதவர்களுக்கு மனு எழுதிக் கொடுங்கள். அலுவலகத்துக்குக் கூடச் செல்லுங்கள். அடுத்த கூட்டத்தில், மேடையைக் கழற்றுமுன், முதல் பணம் அவர்கள் கையில் சேரட்டும்.

ஆடிய கால் ஆடட்டும், விருப்பமுள்ளவரை ஆடட்டும். அலுத்த கால் நீட்டிப் படுக்கட்டும். எது வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை அந்தக் காலுக்கு உரியவரிடம் இருக்கட்டும்.